வீட்டுப்பாடம் கேட்கும் பெற்றோருக்கு ஒரு தலைமையாசிரியரின் திறந்த மடல்

மரியாதைக்குரிய அப்பாக்களே, அம்மாக்களே, பிள்ளைகளைக் கிளப்பி எங்களிடம் அனுப்பிவைக்கும் தாத்தா, ஆயாக்களே, வணக்கம்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போது கூடினாலும் உங்களிடமிருந்து ஒரு குறை தவறாமல் வருகிறது. "பக்கத்து வீட்டுப் பையன் கான்வென்ட்ல யூ.கே.ஜி.தான் படிக்கிறான் டீச்சர். ராத்திரி ஒம்போது மணி வரைக்கும் உக்காந்து எழுதறான். நம்ம புள்ள மூணாவது. வந்ததும் பையக் கடாசிட்டு வெளயாட ஓடிடறா. ஹோம்வொர்க்கே குடுக்க மாட்டேங்கறீங்களே?" ஒருவர் கேட்டதும் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களும் தலையாட்டுவார்கள். கூட்டத்தில் நாலு வார்த்தையில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன். இது நம் ஊர்ப் பள்ளிக்கு மட்டும் உள்ள விஷயமும் இல்லை. தருமபுரி மாவட்டத்தில் எந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் போய் விசாரித்தாலும் ஏறக்குறைய இதே பேச்சு காதில் விழும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுப்பாடத்தைக் கூட்டித் தர மாட்டேன். உங்கள் பிள்ளைக்குப் படிப்பு வர வேண்டுமென்றால் எனக்கு வேண்டியது காலை நேரம். ஒன்பது மணிக்குள் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குள் இருக்க வேண்டும், காரணமில்லாமல் லீவு போடக் கூடாது. இதைக் கொடுத்தீர்களென்றால் மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதும் அந்த வழக்கில் சொன்னதுதான். பிறகு 2020-இல் ஒன்றிய அரசு பள்ளிப்பைக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வாரத்துக்கு மொத்தமே இரண்டு மணி நேரம்தான் என்கிறது அது. வாரத்துக்கு. நாள் கணக்கில் பிரித்தால் அரை மணிகூட வராது. யூ.கே.ஜி. பையன் ஒன்பது மணி வரை எழுதுகிறான் என்றால் கேள்வி கேட்க வேண்டியது அந்தப் பள்ளியை. நீங்கள் என்னவோ என்னைக் கேட்கிறீர்கள்!

அந்தக் கொள்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் மறுநாள் காலையில், நேற்று சாயங்காலம் என்ன விளையாடினாய், ராத்திரி என்ன சாப்பிட்டாய், அதில் என்னென்ன போட்டார்கள், யார் சமைத்தது என்று கேட்டுப் பேச வைக்கச் சொல்கிறது. கேட்டுப் பார்த்தோம். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி களி கிண்டுவதை அடுப்பு மூட்டுவதிலிருந்து ஆரம்பித்தாள். உலை கொதித்ததும் நொய்யைப் போடணும், நொய் வெந்த பிறகுதான் ராகி மாவைக் கொட்டணும், கொட்டினதும் கிளறக் கூடாது, நடுவில் ஒரு குழி விட்டு மூடி வைக்கணும், மாவு வெந்தபிறகு இறக்கி, கால் இரண்டாலும் சட்டியைப் பிடித்துக்கொண்டு துடுப்பால் கிண்டணும், அவசரப்பட்டால் கட்டி கட்டியாக நிற்கும், அப்பா திட்டும். அவள் ஆயா கிண்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அவள் சொன்னதை ஐந்து வரியாகச் சுருக்கிக் கரும்பலகையில் எழுதினேன். அன்றைக்கு வாசிப்புப் பாடம் அதுதான். 'ண்', 'ட்', 'ற்' எல்லாம் தடுமாறும் பிள்ளைகள்கூட 'களி கிண்டு' என்பதைத் தடுமாறாமல் படித்தார்கள்.

ஆகவே வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டிய பாடம் இவ்வளவுதான்: அடுப்படியில் நிற்கிற பிள்ளையை "போய்ப் படி" என்று விரட்டாமல் அங்கேயே வைத்துப் பேசுங்கள். ரேஷன் கடையிலிருந்து செல்போனுக்கு வரும் செய்தியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சந்தையில் மீதிச் சில்லறையை அவனையே எண்ண விடுங்கள். ராத்திரி செல்போனைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு ஒன்பது, ஒன்பதரைக்குள் படுக்க வையுங்கள். இதில் கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம், எனக்கும் தெரியும்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் நாங்கள் கொடுக்கிற கொஞ்ச வீட்டுப்பாடத்தைத் தயவுசெய்து பிள்ளையே எழுதட்டும். தப்பும் தவறுமாக எழுதினால் எங்களுக்கு நல்லது. எந்த எழுத்தில் இடறுகிறான் என்று தெரியும். நீங்கள் எழுதித் தந்தால் எங்களுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஒரு நோட்டில் 'யானை' என்ற சொல்லில் கொம்பு சுழித்த பழைய 'னை' இருந்தது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகு பள்ளிக்கூடம் சேர்ந்தவர்கள் யாரும் அப்படி எழுத மாட்டார்கள். தாத்தாவின் கையெழுத்து முத்து முத்தாகத்தான் இருந்தது. பேரன் அந்த வாரம் வீட்டிலேயே இல்லை, ஊருக்குப் போயிருந்தான் என்பதும் பிறகு தெரிந்தது.

இனி, காலை நேரம். பள்ளிக்கூடத்தில் காலையில் என்ன நடக்கிறது என்று பலருக்குத் தெரியவில்லை. அதனால்தான் பத்து மணிக்கு அனுப்பினால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றுகிறது.

நீங்கள் எழுந்திருக்கும் முன்பே நம் பள்ளிச் சமையற்கூடத்தில் அடுப்பு எரிகிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. சமைப்பவர்கள் வெளியாட்கள் இல்லை. மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த, இதே பள்ளியில் பிள்ளையைப் படிக்க வைத்திருக்கிற அம்மாக்கள். தன் பிள்ளை சாப்பிடப் போகிற பொங்கலும் கிச்சடியும் என்பதால் அரிசியில் கல் பொறுக்குவதில் காட்டுகிற கவனத்தைப் பார்க்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் வருகிற பிள்ளைக்கு இது கிடைப்பதில்லை. வீட்டிலும் "ஸ்கூல்ல போடுவாங்க" என்று ஒன்றும் கொடுத்திருக்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை மதியச் சாப்பாடு வரை வெறும் வயிற்றோடு இருக்கிறது. பதினொரு மணிக்குத் தலையைப் பலகையில் சாய்த்துக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து "இதுக்குப் படிப்பு ஏறல" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சாப்பாடு முடிந்து இறைவணக்கம். அது முடிந்த கையோடு செல்போன் செயலியில் வருகையைப் பதிந்தாக வேண்டும். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்ற கணக்கு சத்துணவு அமைப்பாளருக்குப் போகும். அதை வைத்துத்தான் அரிசி அளப்பார்கள், முட்டை வேகவைப்பார்கள். அதன் பிறகு மூன்று பேர், நான்கு பேர் என்று வந்துகொண்டிருந்தால் கணக்கு உதைக்கும். அதற்காக எந்தப் பிள்ளைக்கும் சோறு இல்லை என்று சொல்லப் போவதில்லை, அது வேறு.

பிறகு எண்ணும் எழுத்தும் வகுப்பு. கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்புப் பக்கமே வராமல் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகளை அன்று பார்த்தோம். அந்தப் பள்ளத்தை நிரப்புவதற்காக 2022-இல் இந்தத் திட்டம் வந்தது. ஒன்று முதல் மூன்று வரை படிக்கிற பிள்ளைகளை வகுப்புப் பார்க்காமல், தெரிந்த அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுவாக உட்கார வைக்கிறோம். பாட்டில் தொடங்கும். பாட்டில் வந்த சொல்லிலிருந்து எழுத்து அட்டைக்குப் போவோம். மொட்டும் மலரும் பயிற்சி நூலை வைத்துக்கொண்டு தாமாகச் செய்யும் நேரத்தில் ஆசிரியர் அரும்புக் குழுவோடு தரையில் உட்காருவார். ஒவ்வொரு பிள்ளையாக மடியில் அட்டையை வைத்து, 'ப'வுக்கும் 'ம'வுக்கும் வாய் எப்படிப் போகிறது பார் என்று காட்டுகிற நேரம் அது. நம்மைப் போல இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியில் அப்படி ஒரு நேரம் மறுபடி அந்த நாளில் கிடைக்காது. பத்து மணிக்கு மேல் வாசலில் வந்து நிற்கிற பிள்ளை அதைத்தான் விட்டுவிடுகிறது.

தாமதமாக வருபவர்களில் பெரும்பாலோர் அரும்புக் குழுவில்தான் இருக்கிறார்கள். அரும்பில் இருப்பதால் தாமதமா, தாமதத்தால் அரும்பா என்று கேட்டால் இரண்டும்தான். வாசிக்க வராத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிளம்பக் கால் எழாது. கால் எழாத பிள்ளைக்கு வாசிப்பு வராது. இதை ஒரு பக்கத்திலிருந்து நாங்கள் அறுக்கிறோம். மறுபக்கத்தை நீங்கள்தான் அறுக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும். தினம் அரை மணி தாமதமாக வரும் பிள்ளை 200 நாளில் 100 மணி நேரத்தை விடுகிறது. நாளுக்கு நான்கு மணி நேரம் என்று வைத்தால் அது 25 நாள் பாடம். லீவே போடாமல், தினமும் வந்துகொண்டே, ஒரு மாதப் படிப்பு போய்விடுகிறது. இதற்கு மேல் மாதத்துக்கு இரண்டு நாள் லீவு என்று வைத்தால் பத்து மாதத்தில் 20 நாள். "எப்பவாவதுதான் டீச்சர் நிக்கறான்" என்று நீங்கள் சொல்வது பொய்யில்லை. அந்த எப்பவாவதுகளைச் சேர்த்துப் பார்க்கிற நோட்டு எங்களிடம் இருக்கிறது, உங்களிடம் இல்லை. யார் கேட்டாலும் காட்டுகிறேன், வந்து பாருங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். "லேட் ஆயிடுச்சு, இனிமே போனா டீச்சர் திட்டும், இன்னிக்கு வேணாம்" என்று பிள்ளையை நிறுத்திவிடும் வழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது. நிறுத்தாதீர்கள். பதினொரு மணியானாலும் அனுப்புங்கள். வெளியே நிற்க வைக்க மாட்டோம், முட்டி போட வைக்க மாட்டோம், எல்லார் முன்னாலும் கேலி பேச மாட்டோம். அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஏழு வயதுப் பிள்ளை தாமதமாக வந்தால் அதில் அந்தப் பிள்ளையின் குற்றம் என்ன இருக்கிறது? கேட்க வேண்டியதைப் பெரியவர்களான உங்களிடம் கேட்டுக்கொள்கிறோம்.

நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாக்களின் சிரமம் எனக்குத் தெரியாததில்லை. அங்கே வருகைக்குப் போட்டோ எடுக்கிற நேரத்துக்கு ஆள் இல்லாவிட்டால் அன்றைய கூலி சிக்கல். அதனால் பிள்ளை தூங்கும்போதே கிளம்பிவிடுகிறீர்கள். ஆயா எழுப்பி, குளிக்க வைத்து, சீருடை தேடி அனுப்புவதற்குள் மணி பத்தாகிவிடுகிறது. ஒரு வழி சொல்கிறேன். போகிற வழியில் பள்ளியில் விட்டுவிட்டுப் போங்கள். எட்டு மணிக்குச் சமையல் அம்மாக்கள் இருக்கிறார்கள். எட்டேகாலுக்குள் எங்களில் ஒருவர் வந்துவிடுகிறோம். தலை வாராமல் வந்தாலும் பரவாயில்லை, சீப்பு வைத்திருக்கிறோம்.

குண்டுமல்லித் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் தனியாகப் பேச வேண்டும். பூ விடிகிறதுக்குள் பறித்தால்தான் மார்க்கெட்டில் விலை. முகூர்த்த நாளில் ஒரு கை கூட இருந்தால் ஒரு கிலோ கூட வரும். நாலாவது, ஐந்தாவது படிக்கிற பெண் பிள்ளைகள் வேகமாகப் பறிப்பார்கள் என்பதும் தெரியும். அவர்கள் வகுப்புக்கு வரும்போது விரல் நுனியெல்லாம் ஊறி, கண் செருகும். குடும்ப வேலையில் பிள்ளை உதவுவதைக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் அனுமதிக்கிறது என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அந்தத் திருத்தம் சொல்வது பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும்தான், அதுவும் படிப்பு கெடாமல். சட்டத்தைக் காட்டி யாரையும் மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. பூ அவசரம் எனக்குப் புரிகிறது. பெண் பிள்ளையைப் பறிக்க எழுப்பிவிட்டுப் பையனைத் தூங்க விடுகிறீர்களே, அதுதான் புரிய மாட்டேன் என்கிறது. ஏழு மணிக்காவது அவளைத் தோட்டத்திலிருந்து விட்டுவிடுங்கள்.

லீவு எடுக்கவே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். பங்குனியில் பாரதக் கூத்து நடக்கும்போது விடிய விடிய விழித்திருந்த பிள்ளையை ஏழு மணிக்கு அடித்து எழுப்பாதீர்கள் என்று நானே சொல்வேன். தூங்கட்டும், மத்தியானம் அனுப்புங்கள். கட்டியங்காரன் அடித்த ஜோக்கை அப்படியே நடித்துக் காட்டுவார்கள். வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவன் துரியோதனன் படுகளத்தை எனக்கு விளக்கியிருக்கிறான். தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய காதுகுத்துக்குப் பிள்ளையை அனுப்பாதே என்றும் சொல்ல முடியுமா? நான் கேட்பது, ஒரு நாள் காதுகுத்துக்கு முன்னால் மூன்று நாள், பின்னால் நான்கு நாள் ஏன் என்பதுதான். ஞாயிறு விசேஷத்துக்குப் போன பிள்ளை திங்கட்கிழமை வருவதில்லை. செவ்வாய் வந்து "மாமா ஊர்ல இருந்தேன்" என்கிறது. திங்கட்கிழமை வருகைப் பதிவேடு பார்க்கவே சகிக்காது.

உடம்பு சரியில்லாவிட்டால் கட்டாயம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மை போட்டிருந்தால் தண்ணீர் ஊற்றிய பிறகும் கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டதா பார்த்துவிட்டு அனுப்புங்கள். பொன்னுக்கு வீங்கி, மெட்ராஸ் ஐ வந்தாலும் அப்படியே. ஒரு போன் போட்டுச் சொன்னால் போதும், விடுப்பு விண்ணப்பம் எழுதத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். மூக்கு ஒழுகுகிறது, தலையில் பேன் இருக்கிறது என்பதற்கெல்லாம் நிறுத்த வேண்டியதில்லை.

பெங்களூரு கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு நல்ல வழி எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறேன். பிள்ளையை ஆயாவிடம் விட்டுப் போகிறவர்கள் உண்டு. கூடவே கூட்டிப் போய் மண் குவியல் மேல் விளையாட விடுகிறவர்களும் உண்டு. விட்டுப் போக ஆள் இருக்கிறது என்றால் விட்டுப் போங்கள். காலையும் மதியமும் சாப்பாடு எங்கள் பொறுப்பு. கூட்டிப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்றால் போவதற்கு முன் எங்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பயிற்சி நூலையும் கதைப் புத்தகத்தையும் கொடுத்தனுப்புகிறோம். சொல்லாமல் போனால் பிள்ளையின் பெயர் இடைநின்றவர் பட்டியலுக்குப் போகும், நாங்கள் வீடு வீடாகத் தேடி வருவோம், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

"எப்படியும் எட்டாவது வரைக்கும் பாஸ் போட்டுடுவாங்க" என்ற பேச்சும் காதில் விழுகிறது. உண்மைதான். 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் ஃபெயில் போடலாம் என்று மாற்றியபோது, தமிழ்நாட்டில் அப்படிச் செய்ய மாட்டோம் என்று நம் அரசு சொன்னது. எனக்கு அதில் முழுச் சம்மதம். பத்து வயதுப் பிள்ளையை ஃபெயிலாக்கினால் அது திரும்பப் பள்ளிக்கூடம் வராது. ஆனால் பாஸ் என்று போடுகிற என் கைக்குத்தான் தெரியும், ஐந்தாவது முடித்து ஆறாம் வகுப்புக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போகிற பிள்ளைகளில் யார் யார் பேருந்துப் பலகையைப் படிப்பார்கள், யார் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார்கள் என்று. அவர்களின் ஒன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் அப்போதே தெரிந்திருக்கும்.

உங்களுக்கு மட்டும் கடமை சொல்லிவிட்டு நான் நழுவப் பார்க்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 24ஆம் பிரிவில் ஆசிரியர் நேரத்துக்கு, தவறாமல் பள்ளிக்கு வர வேண்டும் என்பதைத்தான் முதலில் வைத்திருக்கிறது. பெற்றோரைக் கூட்டிப் பிள்ளையின் வருகையையும் படிப்பையும் பற்றிச் சொல்வதும் அதே பிரிவில் எங்கள் கடமை. டவுன் பஸ் வராவிட்டால் நாங்களும் தாமதமாகிறோம். அன்றைக்கு எங்களைக் கேளுங்கள். மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்தது எங்களைக் கேள்வி கேட்பதற்காகத்தான். கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துப் போவதற்கு அத்தனை பேர் எதற்கு?

வரும் கூட்டத்தில் பேச நான் எடுத்து வைத்திருப்பது இரண்டு. பூப்பறிப்பு நாட்களில் தோட்டத்துப் பக்கத்து வீடுகளிலிருந்து பிள்ளைகளைச் சேர்த்துக் கூட்டி வர யாராவது ஒரு பெரியவர் முறை வைத்துக்கொள்ள முடியுமா என்பது ஒன்று. மேட்டுத்தெருப் பிள்ளைகள் ஓடையைச் சுற்றி வர வேண்டியிருக்கிறது, மழைக்காலத்தில் அதனாலேயே நிற்கிறார்கள், அதற்கு ஊராட்சி அலுவலகத்துக்குச் சேர்ந்து போய்ப் பேசுவது இன்னொன்று. கூட்டத்துக்கு அப்பாக்களும் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் அம்மாக்கள் மட்டுமே வருகிறார்கள், வீட்டுக்குப் போய் அவர்கள் சொல்வதை நீங்கள் கேட்பதாகவும் தெரியவில்லை.

கடைசியாக, சிம் மாற்றியவர்கள் புது நம்பரை எங்களிடம் கொடுத்துவிடுங்கள். பிள்ளை வராத நாளில் காலையிலேயே கூப்பிடுகிறோம், பாதி நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
தருமபுரி மாவட்டம்.